K வருமா, P வருமா?

பாரிஸில் இறங்கிய அன்றே நான் முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பின்தொடர்ந்து போனேன். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். நல்ல மீசை. கையிலிருந்த பைக்கு வெளியே முருங்கைக்காய்கள் தலைநீட்டிக்கொண்டிருந்தன. கார் து நோர் நிலையத்தின் சுரங்கத்துக்குள் எந்த அம்புக்குறியைப் பார்த்தாலும் அது என்னைத் திரும்பிப் போகச் சொல்வது போலவே இருந்தது. அந்த நேரத்தில் முருங்கைக்காயைவிட நம்பகமான வழிகாட்டி எனக்குக் கிடைக்கவில்லை. இந்த ஊரில் முருங்கைக்காய் போகிற இடம் நான் போகவேண்டிய, தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெலாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அவர் ஏறிய மெத்ரோவில் நானும் ஏறினேன்.

வண்டி போனது. போய்க்கொண்டே இருந்தது. கடைசி நிலையத்தில் அவர் இறங்கினார். நானும் இறங்கினேன். அவர் படியேறினார். நான் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மேலே வைத்துவிட்டு, இன்னொன்றுக்காகக் கீழே ஓடினேன். அப்போதுதான் அவர் திரும்பினார்.

“தங்கச்சி, என்னத்துக்கு எனக்குப் பின்னாலை வாறியள்?”

“லா ஷப்பெல் போகணும்ங்க.”

“லா ஷப்பெலிலை சாமான் வாங்கிக்கொண்டு நான் வீட்டை வாறன். இது பொபினி.”

வாங்கிய முருங்கைக்காய் கடையை விட்டு எதிர்த்திசையில் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல மனிதர். ஒரு பெட்டியை அவரே உருட்டிக்கொண்டு வந்து, திரும்பிப் போகிற வண்டியில் என்னை ஏற்றிவிட்டார். “இனி ஆருக்குப் பின்னாலையும் போகாதேங்கோ” என்று சொல்லிக் கையசைத்தார்.

இந்த லட்சணத்தில் இருந்த என்னை நம்பித்தான் ஓர் ஆய்விதழின் முதல் இதழை அனுப்பியிருந்தார்கள்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சென்னை பெருங்குடியில் ஓர் அச்சுக்கோப்பு நிறுவனம். உலகத்தின் ஒரு மூலையில் ஒரு பேராசிரியர் எழுதும் கட்டுரை இன்னொரு மூலையிலுள்ள நூலகத்துக்குப் போகும் வழியில் எங்கள் மூன்றாவது மாடியில் இறங்கி, பக்கம் அமைத்து, அடிக்குறிப்பு சரிசெய்துகொண்டு போகும். என் மேஜைக்கு வருபவை ஆப்பிரிக்கக் கலை, இலக்கியம், வரலாறு. பத்து வருஷத்துக்கு மேலாக அவற்றைப் பார்த்துப் பார்த்து, ஆப்பிரிக்கா எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. வீட்டில் டிவியில் செய்தி ஓடும்போது, “அந்த ஊர் அங்கே இல்லை, அது மேற்கே” என்று சொல்லி என் கணவரின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொள்வேன். ஓர் ஆப்பிரிக்கருடன் ஐந்து நிமிஷம் பேசியது கிடையாது என்பது மட்டும் எனக்கு உறைத்ததில்லை.

என் பிரெஞ்சும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுக்க நூற்பட்டியல்களில் கற்றது. ‘அச்சில்’, ‘வெளிவரவுள்ளது’, ‘திருத்திய பதிப்பு’ என்பதையெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தண்ணீர் கேட்கத் தெரியாது.

அந்த இதழுக்கு முன்னால் ஒரு பழைய இதழ் இங்கிலாந்தின் ஒரு பெரிய பதிப்பகத்திடம் இருந்தது. நடத்தியவர் மேற்கு ஆப்பிரிக்காவின் தக்கார் நகரைச் சேர்ந்த பேராசிரியர் ஐசத்து. அவர் பதிப்பித்த இதழை அவருடைய பல்கலைக்கழக நூலகமே சந்தா கட்டி வாங்க முடியாத விலையில் பதிப்பகம் வைத்திருந்தது. தன் மாணவர்கள் தன் இதழைப் படிக்க முடியவில்லை என்று வருஷக்கணக்கில் எழுதிப் பார்த்துவிட்டு, ஒருநாள் அவரும் நண்பர்களும் விலகிவந்து புதிதாக ஓர் இதழைத் தொடங்கினார்கள். இணையத்தில் எல்லோருக்கும் இலவசம். கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சில். பழைய இதழுக்குப் பக்கம் அமைத்த எங்களிடமே இதற்கும் நேராக வந்தார். எங்கள் முதலாளி சேகர் சார் முதல் இதழைச் சலுகையில் செய்துகொடுத்தார். வெளியீடு பாரிஸில் சனிக்கிழமை. சேகர் சார்தான் போவதாக இருந்தது. கடைசி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

“அடுத்த இதழ்களும் நமக்கேன்னு பேசி முடிச்சுட்டு வந்துடு, கோமதி. நீ ஒண்ணும் பேச வேணாம். புத்தகம் பேசும்” என்றார், கட்டிலில் குப்புறப் படுத்தபடி.

தங்கியது லா ஷப்பெலுக்கு அடுத்த மார்க்ஸ் டோர்மோயில், பவானி அக்கா வீட்டில். என்னுடன் வேலை செய்யும் ஒரு பெண்ணின் தூரத்து உறவு. யாழ்ப்பாணத்துக்காரர். லா ஷப்பெலில் ஓர் உணவகத்தில் காலைச் சமையல் செய்துவிட்டு மதியம் வீடு திரும்புவார். கணவர் விமான நிலையத்தில் வேலை. வாரநாட்களில் கூசேன்வில்லில் தம்பி வீட்டிலேயே தங்கிவிடுவார். “அவர் இல்லாத கிழமையிலை வந்தியள், நல்லது. இருந்தால் உங்களுக்குக் கதைக்க இடம் கிடையாது” என்று வரவேற்றார் அக்கா. இடியப்பமும் சொதியும் வைத்தார். பொபினிக் கதையைச் சொன்னேன். சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

அன்று மாலை பேராசிரியர் ஐசத்துவைக் கீழேயிருந்த காபிக் கடையில் சந்தித்தேன். மின்னஞ்சலில் அவர் ஒரு கண்டிப்பான வாத்தியாரம்மா. நேரில் என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். நான் ஒரு கன்னத்தோடு முடிந்தது என்று நினைத்துத் திரும்பியதில் அவருடைய இரண்டாவது முத்தம் என் மூக்குக் கண்ணாடியில் விழுந்தது. இதழை எடுத்து முகர்ந்துபார்த்தார். பிறகு இன்னொரு பிரதி கேட்டார்.

“இது பெர்நாதெத்துக்கு. டோகோ நாட்டிலிருந்து இரவு வருகிறாள்” என்றார் ஆங்கிலத்தில். “சொந்த ஊர்க் கல்லூரியில் பல வருஷமாக ஒப்பந்த வேலை. நிரந்தர இடம் ஒன்று இப்போதுதான் வருகிறது. அடுத்த வாரம் விண்ணப்பம் கொடுக்கவேண்டும். இதில் அவள் எழுதிய கட்டுரை அச்சில் வந்த மூன்று பிரதிகள் வைக்கவேண்டுமாம். திரையில் காட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.”

“எங்க ஊரிலும் அப்படித்தான் மேடம்” என்றேன். சென்னையில் ஒரு பேராசிரியர் நண்பர் தமிழில் எழுதிய பத்துக் கட்டுரைகளைப் பதவி உயர்வுக் குழு ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டில் வந்த ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். ‘சர்வதேச’ என்ற சொல்லுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பொருள்தான் என்று இருவரும் சிரித்தோம். நான் நன்றாகப் பேசுகிறேன் என்று எனக்கே தோன்றியது. அடுத்த இதழ்களின் ஒப்பந்தம் பாதி கைக்கு வந்துவிட்டதாகச் சேகர் சாருக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் வியாழன். காலையில் தனியாக ரொட்டிக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஏதோ சொல்லி ஒரு குவாசான் ரொட்டி வாங்கினார். என் முறை வந்தது. கடைக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசை. எனக்குத் தெரிந்த பட்டியல் முழுவதையும் மனதில் புரட்டி, “இபிதெம்” என்றேன். அடிக்குறிப்பில் ‘மேலே சொன்ன அதே நூல்’ என்று பொருள். அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு ஒரு குவாசானைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள். அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாவியது மத்தியானம். பவானி அக்கா வேலை முடிந்து வந்து, தேநீர் ஊற்றிவிட்டு, பெட்டி மேலிருந்த ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினார். படங்களைப் பார்த்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

“அட, தமிழிலையும் போட்டிருக்கிறியள்! நல்லது பிள்ளை. எங்களையும் மறக்கேல்லை.”

“தமிழா? இல்லையே அக்கா.”

“இஞ்சை பாருங்கோ.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாக வாசித்தார். “‘கோமதி மேடம், இந்த ஊர் பேர்ல K வருமா, P வருமா? ரெண்டும் சேர்ந்து இருக்கு. பாக்கவும்.’ இதிலை வாற கோமதி ஆர், நீங்களோ?”

புத்தகம் பேசும் என்று சேகர் சார் சொன்னார். பேசியது. தமிழில் பேசியது.

எப்படி நடந்தது என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கம் அமைக்கும் பையன்கள் ஆங்கிலத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, சந்தேகத்தைத் தமிழிலேயே கோப்பில் எழுதிவைப்பார்கள். திரையில் சிவப்பாக இருக்கும். நான் பதில் சொன்னதும் அழித்துவிடுவார்கள். அச்சுக்குப் போகும் முன் கடைசியாகக் கருப்பு வெள்ளையில் படித்தவள் நான். அந்த வரிக்கும் வந்தேன். பிழை என்று கண்ணில் படவே இல்லை. யாரோ என்னிடம் பேசுவதாகப் பட்டது. “ரெண்டும் வரும்ப்பா” என்று அறைக்குக் குறுக்கே கத்திவிட்டு, பையன் காதில் விழுந்ததா என்று பார்க்காமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அந்தப் பக்கம் பெர்நாதெத்தின் கட்டுரையின் முதல் பக்கம். டோகோவில் முடிதிருத்துக் கடைகளில் கையால் வரைந்து மாட்டும் விளம்பரப் பலகைகளைப் பற்றியது. அவர் பெயருக்குக் கீழே கல்லூரியின் பெயரும் க்பாலிமே என்ற ஊரின் பெயரும் இருக்கவேண்டிய இடத்தில் நானும் K-யும் P-யும் இருந்தோம்.

சேகர் சாரை அழைத்தேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “யார்கிட்டயும் மூச்சு விடாத. ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டிடு. அவங்களுக்குத் தெரியவே வேணாம்” என்றார்.

“கட்டுரை எழுதினவங்க கையிலயே ஒரு பிரதி போயாச்சு சார்.”

பதிலுக்கு இடுப்புவலி முனகல் மட்டும் கேட்டது.

வெள்ளிக்கிழமை பவானி அக்கா எனக்காக விடுப்பு எடுத்தார். லா ஷப்பெலில் கலியாணக் கார்டு அடிக்கும் சிவா அண்ணையிடம் போகலாம் என்று இருவரும் படியிறங்கினோம். கட்டட வாசலில் உயரமான ஒரு பெண்மணி நின்றிருந்தார். தலையில் நீலத் துணி. யாரிடமோ இரவல் வாங்கியது போன்ற பெரிய குளிர் கோட்டு. கையில் எங்கள் இதழ். நடுவில் ஒரு விரல் அடையாளமாகச் செருகியிருந்தது. எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

“மதாம் கோமதி?” என்றார். ஆமென்று தலையாட்டியதும் பிரெஞ்சில் பொழிந்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மூச்சுவாங்க நிறுத்தியதும் நான் அக்காவைப் பார்த்தேன்.

“அவவுக்குக் கொஞ்சம் மனவருத்தமாம்.”

“அவ்ளோ நேரம் பேசினாங்களே அக்கா?”

“மிச்சத்தை நான் சொல்லமாட்டன். நீங்கள் எங்கட வீட்டுக்கு வந்த ஆள்.”

பெர்நாதெத்துக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். “இது என்ன மொழி? என்ன சொல்கிறது?”

எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்கு எழுதும் வாழ்த்து என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பக்கத்தில் நின்ற அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. உள்ளதைச் சொன்னேன். பையன் கேட்டதையும், நான் அறைக்குக் குறுக்கே கத்தியதையும் சேர்த்துச் சொன்னேன். எனக்கு ஆங்கிலம் தடுமாறிய இடத்தில் அக்கா பிரெஞ்சில் கைகொடுத்தார்.

“என்ன பதில் சொன்னீர்கள்?”

“ரெண்டும் வரும்னு.”

“அது சரியான பதில்” என்றார் பெர்நாதெத். முகத்தில் சிரிப்பில்லை. பிறகு அக்கா பக்கம் திரும்பிப் பேசினார். இந்தத் தடவை அக்கா ஒன்றையும் மறைக்கவில்லை.

“அவவை வேண்டாமெண்டு சொல்ல ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருக்கிற ஆள் வேலைக்கு ஆள் எடுக்கிற குழுவிலை இருக்கிறாராம். அவருக்கு நீங்கள் மெட்றாசிலையிருந்து பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறியளாம். இந்தக் கட்டுரையை மூண்டு இடத்திலை திருப்பி அனுப்பினவையாம். ‘உள்ளூர் விசயம், வேறை ஆருக்கு ஆர்வம் இருக்கப்போகுது’ எண்டு எழுதினவையாம். ஆறு வருசமாம் தங்கச்சி.”

நான் மன்னிப்புக் கேட்டேன். ஆங்கிலத்தில் ஒருமுறை, பிரெஞ்சு என்று நினைத்து ஒருமுறை. அவர் என் தோளைத் தள்ளினார். கோபத்தில் தள்ளியதா, நடக்கச் சொல்லித் தள்ளியதா என்று தெரியவில்லை. மூவரும் நடந்தோம்.

சிவா அண்ணையின் கடைக் கண்ணாடிக்குள் தங்க எழுத்தில் பிள்ளையாரும் குத்துவிளக்குமாகக் கலியாணக் கார்டுகளும் மஞ்சள் நீராட்டுக் கார்டுகளும் நின்றன. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாருங்கோ. கலியாணமோ, சாமத்திய வீடோ?”

“திருத்தம்” என்றேன்.

“அது எந்த வீட்டிலை?”

தாளில் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தார். “பொம்பிளை பெர்நாதெத். சரி. மாப்பிள்ளை பேர்தான் வாயிலை வரமாட்டனெண்டுது.”

“அது மாப்பிள்ளை இல்லை அண்ணை, ஊர்” என்றார் பவானி அக்கா.

பெர்நாதெத் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். K முதலில், P பிறகு என்று சொல்லக்கூடாது. இரண்டும் ஒரே மூச்சில் வெடிக்கவேண்டும். சிவா அண்ணை சொன்னது விக்கல் மாதிரி இருந்தது. நான் சொன்னது தும்மல் மாதிரி இருந்தது. பவானி அக்கா மட்டும் முதல் தடவையிலேயே சொல்லிவிட்டார். அந்தக் கோட்டுக்குள்ளிருந்து முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது.

வெள்ளை ஒட்டுத்தாள் தீர்ந்துவிட்டதாம், திங்கட்கிழமைதான் வருமாம். இருந்தது தங்கக் கரை போட்ட, யானைத் தந்த நிறத் தாள். “பலகாரப் பைக்கு ஒட்டுறது. வடிவாயிருக்கும்.” எனக்கு அழுகை வந்தது. ஆய்விதழில் பலகாரப் பை ஒட்டு. பெர்நாதெத் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மற்றப் பிரதிகளுக்கு இது போதும். என் மூன்றுக்கும் வேண்டாம்” என்றார்.

அந்த மூன்றுக்கும் சிவா அண்ணை வேறு வழி சொன்னார். பழைய தாளை தையலோரம் ஒரு மெல்லிய நறுக்கு மட்டும் விட்டு வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக அடித்த தாளை அந்த நறுக்கில் ஒட்டலாம். கோப்பு என்னிடம் இருந்தது. அவருடைய கணினியில் உட்கார்ந்து என் பெயரை அழித்தேன். கல்லூரியின் பெயரையும் ஊரின் பெயரையும் அடித்தேன். பெர்நாதெத் பின்னால் நின்று ஒவ்வோர் எழுத்தாக வாய்க்குள் சொல்லிச் சரிபார்த்தார். கலியாணக் கார்டின் உள்தாள் எங்கள் இதழின் தாளோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. முதல் பிரதியில் சிவா அண்ணை தாளைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். யாரும் பேசவில்லை. “கதைக்காதேங்கோ, கதைச்சால் பிழை வரும்” என்று எங்களையே அதட்டிவிட்டு, இன்னொரு பிரதியை எடுத்தார். அடுத்த மூன்றும் சரியாக வந்தன.

மதியம் அக்கா வீட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். விருந்தாளிக்குக் காரம் தாங்காது என்று நான் அக்காவிடம் கிசுகிசுத்தேன். பெர்நாதெத் ஒரு வாய் சாப்பிட்டார். நல்லது என்று தலையாட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து அதிலிருந்த பச்சை விழுதைக் குழம்பின் மேல் போட்டுக்கொண்டார். காரத்தில் தமிழச்சி யாருக்குச் சளைத்தவள் என்று நானும் கொஞ்சம் வாங்கி வாயில் வைத்தேன். அடுத்து நடந்ததை என்னால் சொல்ல இயலாது. அக்கா தயிரோடு ஓடிவந்தார். கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து பெர்நாதெத் ஏதோ சொன்னார்.

“இப்ப கணக்குச் சரியாம்” என்றார் அக்கா.

பிற்பகல் முழுவதும் மூவரும் தரையில் உட்கார்ந்து தங்கக் கரை ஒட்டினோம்.

“நாளைக் காலையில் பேராசிரியரிடம் நீங்களே சொல்லவேண்டும்” என்றார் பெர்நாதெத்.

“எங்க முதலாளி சொல்ல வேணாம்னு...”

“உங்கள் முதலாளி இங்கே இல்லை.”

சனிக்கிழமை வெளியீடு நடந்தது ஷத்தோ ரூஜ் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் புத்தகக் கடையின் பின்னறையில். சந்தையில் வாழைக்காயும் மரவள்ளிக் கிழங்கும் குவிந்திருந்தன. கிழங்கை ஆப்பிரிக்கப் பெண்கள் எங்கள் ஊர்ப் பெண்களைப் போலவே நகத்தால் கீறிப் பார்த்து வாங்கினார்கள். பெட்டியின் ஒரு சக்கரம் அந்தச் சந்தை நடுவில் கழன்று மீன் கூடைக்கு அடியில் ஓடியது. மீன் வாசனையோடுதான் உள்ளே போனேன்.

பேராசிரியரை ஓரமாக அழைத்துச் சொன்னேன். ஒட்டை நகத்தால் தூக்கி, அடியிலிருந்த தமிழைப் பார்த்தார். அது என்ன கேட்கிறது என்று சொன்னேன். ஒட்டை மறுபடி அழுத்தி மூடினார். ஒப்பந்தம் என் கண் முன்னால் படியிறங்கிப் போவது தெரிந்தது.

“பெர்நாதெத்துக்குத் தெரியுமா?”

“அவங்கதான் உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க.”

“அப்படியானால் இனி அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்ப்பது நீங்கள் இல்லை, அவள்” என்றார். “உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். இந்த நிபந்தனையோடு அடுத்த இதழ் உங்களுக்கு.” என் பத்து வருஷ அனுபவத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அதுதான். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பேராசிரியர் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் எனக்காக ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். “எங்கள் கலையைப் பற்றி எங்கள் ஆட்கள் எழுதியதை எங்கள் மாணவர்கள் படிப்பதற்கு இனி யாரிடமும் அனுமதி கேட்கவேண்டாம் என்கிறார்.” எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பெருங்குடி மூன்றாவது மாடியில் அந்தக் கட்டுரைகளையெல்லாம் வருஷக்கணக்காக எந்தத் தடையுமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தவள் நான் என்பது கை தட்டும்போது நினைவுக்கு வந்தது. தட்டியது கொஞ்சம் மெதுவாயிற்று.

அடுத்து பெர்நாதெத், படங்களோடு. அந்த இளைஞர் எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் சிரித்தபோதெல்லாம் நானும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தேன். முடிந்ததும் தங்கக் கரைப் பிரதிகள் ஒன்றுவிடாமல் தீர்ந்தன. சிறப்புப் பதிப்பு என்று நினைத்திருக்கவேண்டும். நான் திருத்தவில்லை.

ஞாயிறு காலை பெர்நாதெத்தை வழியனுப்ப கார் து நோர் வரை போனேன். மூன்று பிரதிகளையும் சிவா அண்ணை கொடுத்த பிளாஸ்டிக் உறையில் வைத்து, துணிகளுக்கு நடுவில் அடுக்கியிருந்தார். அவருடைய முதல் பிரதியில், விரல் வைத்திருந்த அதே பிரதியில், ஒட்டு இல்லை.

“மறந்துட்டோமே, குடுங்க” என்று பையிலிருந்து ஒட்டை எடுத்தேன்.

“வேண்டாம்” என்றார். “முன்பு ஓர் இதழில் யாரையும் கேட்காமல் K-யை வெட்டிவிட்டார்கள். உங்கள் பையன் கேட்டிருக்கிறான்.” இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். இந்தத் தடவை நான் தலையை அசைக்காமல் நின்றேன்.

சென்னை திரும்பிச் சில வாரங்கள் ஆயின. சேகர் சாரின் இடுப்பு நேரானது. தமிழில் சந்தேகம் கேட்கக்கூடாது என்று அவர் உத்தரவு போட்டார். கேட்கலாம், ஆனால் தனித்தாளில் கேட்கவேண்டும் என்று நான் அதை மாற்றினேன்.

ஒரு மாலை பெருங்குடி ரயில் நிலையத்தில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் பெர்நாதெத் அழைத்தார். வேலை கிடைத்துவிட்டது. நடைமேடையில் நின்றபடியே கத்திவிட்டேன். கொண்டைக்கடலை விற்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

“அந்தப் பக்கத்தை யாராவது கண்டுபிடிச்சாங்களா?”

“எந்தப் பக்கத்தையும் யாரும் பார்க்கவில்லை” என்றார். “குழுத் தலைவர் அட்டையைப் பார்த்தார். பின்னட்டையைப் பார்த்தார். எவ்வளவு கனம் என்று விரலுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். வெளியீடு எங்கே என்றார். பாரிஸ் என்றேன். மேஜையில் வைத்துவிட்டார்.”

பலகாரப் பைத் தாள், தலைகீழாய் ஒட்டிய பக்கம், பச்சை விழுது எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு பொங்கியது. அவர் சிரிக்கவில்லை.

“நீங்கள் படித்தீர்களா?”

“ஒவ்வொரு காற்புள்ளியையும் பார்த்தேன்.”

“நான் கேட்டது அது இல்லை.”

“எனக்குப் பிரெஞ்சு தெரியாது, பெர்நாதெத்.”

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். வேளச்சேரியிலிருந்து வண்டி வந்து நின்றது. “சரி, கேளுங்கள்” என்ற குரல் வந்தது. நான் ஏறவில்லை. அவர் தன் நிதானமான ஆங்கிலத்தில் கட்டுரையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

க்பாலிமேயில் ஒரு முடிதிருத்துக் கடை. விளம்பரப் பலகையில் வரைந்திருந்த தலைகள் எல்லாம் அந்த ஊரின் நிஜமான ஆட்களுடையவை. அவர்களில் ஒரு தையற்காரர் திடீரென்று இறந்துபோனார். அவருக்குப் போட்டோ என்று ஒன்று கிடையாது. குடும்பத்தார் வந்து பலகையைக் கேட்டார்கள். கடைக்காரர் தரமாட்டேன் என்றார். அந்தத் தலையைக் காட்டித்தான் நிறையப் பேர் முடி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அப்புறம்?” என்றேன்.

“அடுத்த பக்கத்தில் இருக்கிறது. நீங்கள்தானே அச்சடித்தீர்கள்?” என்று சொல்லி இப்போது அவர் சிரித்தார். நான் கெஞ்சினேன். கடைசியில் சொன்னார்.

அடக்க நாளுக்கு மட்டும் பலகையைக் கொடுப்பது, மறுநாள் காலையில் திரும்பத் தந்துவிடுவது என்று பேசி முடித்தார்களாம். கடைக்காரரே அதைத் தலையில் சுமந்துகொண்டு வந்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு, ஓர் ஓரமாக உட்கார்ந்து அழுதாராம். துக்கத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் மறுநாள் கடைக்கு வந்து, அதே மாதிரி வெட்டிவிடச் சொன்னார்களாம்.